சென்ற ஆண்டின் இலை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் இலக்கியத்தைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ பேசுவது மரபு. நான் அம்மரபினின்றும் சற்றே விலகி, ஒரு தின்பண்டத்தைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறேன். விருந்துக்கு முன்னதாக எனக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பசித்த வேளையில் இனிப்பைப் பற்றிப் பேசுவது கேட்போருக்குத் துன்பம் தருவது என்பதை அறிவேன். ஆயினும் பொறுத்துக் கேட்பீர்கள் என்னும் நம்பிக்கையால் தொடங்குகின்றேன்.

பணியின் பொருட்டு ஒரு முறை ஜப்பான் நாட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அது இளவேனிற் காலம். அந்நாட்டின் இளவேனிலுக்கு ஒரே ஓர் அடையாளம் உண்டு. அதுவே சகுரா என்று அவர்கள் அழைக்கும் செர்ரி மலர். தெற்கே ஒகினாவாத் தீவில் சனவரித் திங்களிலேயே ஒருவகைச் செர்ரி பூக்கத் தொடங்கும். அப்பூப்பு மெல்ல மெல்ல வடக்கு நோக்கி நடந்து, ஹொக்கைடோத் தீவைச் சேரும்போது மே மாதம் ஆகிவிடும். ஆனால் எந்த ஊரிலும் அம்மலரின் நிறைந்த வாழ்வு ஏறத்தாழ ஒரு வாரமே. ஒரு மழை, ஒரு காற்று போதும்; தெருவெல்லாம் வெண்மையும் இளஞ்சிவப்புமாக இதழ்கள் உதிர்ந்து கிடக்கும்.

ஒரு வாரமே வாழும் மலரை ஒரு நாட்டு மக்கள் எவ்வாறு தங்கள் வாழ்வில் நிறுத்திக்கொண்டார்கள் என்பதே என் பேச்சின் பொருள். கவிஞர் பாட்டில் நிறுத்தினர். ஓவியர் திரையில் நிறுத்தினர். சமையற்கட்டில் நின்றவர் அதனை உப்பில் நிறுத்தினர்.

'சகுரா மோச்சி' என்பது அவர்களுடைய இளவேனில் இனிப்பு. நம் கொழுக்கட்டையைப் போலவே வெளியே மாவு, உள்ளே பூரணம். பூரணம் தேங்காயன்று, அசுகி என்னும் சிவப்புப் பயற்றை வேகவைத்து மசித்துச் சர்க்கரை சேர்த்துக் கிளறியது. இப்பயறு நம் பாசிப்பயற்றுக்கு நெருங்கிய உறவு. இவ்வினிப்பை உப்பிலிட்ட செர்ரி இலையால் சுற்றி வைப்பார்கள். கடித்தால் முதலில் உவர்ப்பு, பிறகு இனிப்பு, இரண்டுக்கும் மேலாக ஒரு நறுமணம்.

இதன் வரலாறு ஒரு வாயிற்காவலரிடம் தொடங்குகிறது. இன்று டோக்கியோ எனப்படும் மாநகர் அன்று எடோ என்னும் பெயர் பெற்றிருந்தது. ஷோகன் என்னும் படைத்தலைவர் மரபினரே அக்காலத்தில் நாட்டை ஆண்டனர். அம்மரபில் எட்டாமவராகிய தொகுகவா யோஷிமுனே என்பவர் சுமிதா ஆற்றங்கரையில் செர்ரி மரங்களை நடச் செய்தார். அக்கரையில் முக்கோஜிமா என்னும் இடத்தில் சோமெய்ஜி என்றொரு பௌத்தக் கோயில் உண்டு. அக்கோயிலின் வாயிலைக் காத்தவர் யமமோத்தோ ஷின்ரொக்கு என்பவர். காத்தலோடு பெருக்குதலும் அவர் பணி. பெருக்கப் பெருக்க இலைகள் விழுந்துகொண்டே இருந்தன. சலித்துக்கொள்ள வேண்டிய அவர் சிந்தித்தார். இலைகளைப் பீப்பாயில் உப்பிட்டு வைத்து, இனிப்பைச் சுற்றிக் கோயில் வாயிலிலே விற்கத் தொடங்கினார். இது 1717ஆம் ஆண்டில் நிகழ்ந்தது என்று கூறுவர். அவர் தொடங்கிய கடை முந்நூறு ஆண்டு கடந்து இன்றும் அவ்விடத்திலேயே இருக்கிறது.

அவ்வினிப்பு எவ்வளவு புகழ் பெற்றது என்பதற்குக் கணக்கே சான்று கூறுகிறது. 1824ஆம் ஆண்டு அக்கடையில் 31 பீப்பாய் இலை உப்பிடப்பட்டதாக அடுத்த ஆண்டிலேயே எழுதப்பட்ட குறிப்பு ஒன்று உள்ளது. பீப்பாய் ஒன்றுக்கு ஏறக்குறைய 25,000 இலை. ஆக 7,75,000 இலைகள். ஒரு பண்டத்துக்கு இரண்டு இலை வீதம் 3,87,500 பண்டங்கள். அதாவது நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேல்! ஒன்றின் விலை நான்கு மொன். நான்கு மொன் மதிப்புள்ள தனி நாணயமே அன்று புழங்கியது. ஆகவே ஒரு காசுக்கு ஓர் இனிப்பு என்று கொள்ளலாம். பெருக்கி எறிய வேண்டிய குப்பை ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக வாழ வைத்தது.

இலையை உண்பதா, நீக்குவதா என்பது அந்நாட்டில் தீராத வழக்கு. அதைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை வழங்குகிறது. ஜப்பானிய மொழியில் 'கவா' என்றால் தோல். ஆறு என்றும் பொருள். 'முக்கு' என்றால் உரித்தல். ஒரு திசை நோக்கித் திரும்புதல் என்றும் பொருள். ஆற்றங்கரையில் ஒருவர் இலையோடு சேர்த்துக் கடித்துக்கொண்டிருந்தார். அருகில் இருந்தவர் இரக்கப்பட்டு, "ஐயா, தோலை உரித்துவிட்டு உண்ணுங்கள்" என்றார். "அப்படியா, நன்றி" என்று சொல்லி, அவர் ஆற்றின் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு இலையோடேயே உண்டு முடித்தார். சிலேடை நமக்கு மட்டும் உரிய சொத்தன்று என்பதை அன்று அறிந்து மகிழ்ந்தேன்.

இனி மற்றொரு வழக்கைச் சொல்ல வேண்டும். அது இதனினும் பெரிது. டோக்கியோவின் சகுரா மோச்சி, கோதுமை மாவைக் கரைத்துத் தட்டில் மெல்லிய ஏடாக வார்த்து, பூரணத்தை வைத்து மடிப்பது. ஒரு சிறு தோசைக்குள் பூரணம் வைத்தது போல் இருக்கும். ஆனால் ஒசாக்கா, கியோத்தோ முதலிய மேற்குப் பகுதியில் அதே பெயருடைய பண்டம் முற்றிலும் வேறானது. பசைமிக்க அரிசியை ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, நொய்யாக உடைத்து வைப்பார்கள். அந்நொய்யை மீண்டும் வேகவைத்துப் பூரணத்தைச் சுற்றி உருண்டை பிடிப்பார்கள். பருக்கை பருக்கையாகப் பல்லுக்குத் தென்படும். அந்நொய்க்குத் தோமியோஜி என்று பெயர். ஒசாக்காவை அடுத்த தோமியோஜி என்னும் கோயிலின் பெயரே அதற்கு அமைந்தது. சுகவாரா நோ மிச்சிசானே என்னும் பேரறிஞர் அங்கே கல்வித் தெய்வமாகப் போற்றப்படுகிறார். அவருடைய அத்தையார் அக்கோயிலில் துறவியாக இருந்தார் என்றும், அவர் படைத்த நிவேதன அன்னத்தை உலர்த்தி வைத்ததே இதன் தொடக்கம் என்றும் கோயில் வரலாறு கூறும்.

ஆக, கிழக்கே ஒரு கோயில், மேற்கே ஒரு கோயில். ஒரே பெயர்; இரு பண்டங்கள். நான் பணி புரிந்த அலுவலகத்தில் ஒசாக்காவிலிருந்து டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்த நண்பர் ஒருவர் இருந்தார். இருபது ஆண்டுகளாகத் தலைநகரில் வாழ்பவர். ஒரு நாள் அலுவலகத்தில் இனிப்பு வழங்கினார்கள். அவர் கையில் வாங்கி, சற்றே நோக்கி, "இது நன்றாக இருக்கிறது, ஆனால் இது சகுரா மோச்சி அன்று" என்றார். டோக்கியோ நண்பர் உடனே, "நீங்கள் சொல்வதற்குப் பெயர் தோமியோஜி, சகுரா மோச்சி இதுதான்" என்றார். இருவரும் நகைத்தார்கள். ஆனால் அந்நகைப்பின் அடியில் ஒரு சிறு வருத்தம் இருந்ததைக் கவனித்தேன். அவருடைய ஊரில் அடைமொழி இல்லாமல் வழங்கும் பண்டம், வந்து குடியேறிய ஊரில் அடைமொழி பெற்று வேற்றுப் பண்டமாக நிற்கிறது. இவ்வருத்தத்தை இந்தக் காலனியில் வாழும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் பண்டங்கள் மனிதரைப் போலப் பிடிவாதம் உடையவையல்ல. வடகோடியாகிய ஹொக்கைடோவில் டோக்கியோ முறையே வழங்கும் என்று எதிர்பார்ப்போம். அங்கே வழங்குவது பெரும்பாலும் ஒசாக்கா முறை! பழங்காலத்தில் ஒசாக்காவிலிருந்து மேலைக் கடல்வழியே வடக்கு நோக்கிச் சென்ற வணிகக் கப்பல்கள் அதனைக் கொண்டு சேர்த்தன என்பர். கியோத்தோ நகரின் அராஷியாமாவில் நிறமே ஊட்டாத வெண்ணிற உருண்டையும் உண்டு. இன்று டோக்கியோக் கடைகளில் இருவகையும் அருகருகே அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஒசாக்கா நண்பர் மறுநாளே தம் ஊர்ப் பண்டத்தை வாங்கி வந்து எங்களுக்கெல்லாம் கொடுத்தார். இரண்டையும் உண்ட நான் எதற்கும் தீர்ப்புக் கூறவில்லை. இரண்டையும் சுற்றியிருந்த இலை ஒன்றே என்பதை மட்டும் கண்டேன்.

அன்பர்களே! அவ்விலையிடத்தில்தான் நாம் சற்றே நின்று நோக்க வேண்டும். செர்ரி மரத்தின் அடியில் நின்று பச்சை இலையை முகர்ந்து பாருங்கள். அந்த நறுமணம் இராது. மணத்துக்குக் காரணமான கூமரின் என்னும் பொருள் பச்சை இலையில் சர்க்கரையோடு பிணைந்து அடங்கிக் கிடக்கிறது. உப்பு இலையின் நீரை இழுக்கும்போது உயிரணுக்கள் சிதைகின்றன, பிணைப்பு அறுகிறது, மணம் வெளிப்படுகிறது. மரத்தில் இருக்கும் வரை தோன்றாத மணம், மரத்தை விட்டுப் பிரிந்து உப்பில் கிடந்த பின்னரே தோன்றுகிறது.

இவ்விலையில் பெரும்பகுதி இசு தீபகற்பத்தில் மட்சுசாக்கி என்னும் கடலோரச் சிற்றூரைச் சுற்றி விளைகிறது. ஓஷிமா செர்ரி என்னும் வகை அதற்கு உரியது. அதன் இலை அகன்றது, மென்மையானது, மயிர் அற்றது. இம்மரங்களை ஓங்கி வளர விடுவதில்லை. குளிர்காலத்தில் அடியோடு ஒட்ட நறுக்கிவிடுவார்கள். வேனிலில் துளிர்க்கும் புதுக்கொம்புகளில் மே முதல் ஆகஸ்ட்டு வரை இலை கொய்வார்கள். ஐம்பது ஐம்பதாக அடுக்கிக் கட்டி, ஆளுயரப் பீப்பாய்களில் உப்பிட்டு, மேலே கல்லேற்றி, ஏறக்குறைய அரையாண்டு ஊறவைப்பார்கள். அடுத்த இளவேனில் வரும்போது அவ்விலை கடைக்குப் போகும். மார்ச் 3ஆம் நாள் சிறுமியருக்குரிய பொம்மை விழா. அவ்விழாவிலேயே சகுரா மோச்சி இலையில் ஏறிவிடும். பெரும்பாலான ஊர்களில் மரம் அப்போது இன்னும் பூக்கவில்லை. இந்த ஆண்டின் மலரை வரவேற்பது சென்ற ஆண்டின் இலை!

இலைக்கு ஓர் ஊர் என்றால் மலருக்கும் ஓர் ஊர் உண்டு. கனகவா மாநிலத்தில் ஹதானோ நகரைச் சேர்ந்த மலைச்சரிவுகளில், அடுக்கு மல்லிகையைப் போலப் பல இதழ் கொண்ட அடுக்குச் செர்ரியை வளர்க்கிறார்கள். ஏப்ரல் மாதத்தில் மலர் முழுதும் விரியுமுன் ஏணியில் ஏறி, காம்போடு கொய்து, உப்பும் 'உமே' என்னும் புளிப்புக் கனியின் சாறும் சேர்த்து ஊறவைக்கிறார்கள். திருமணப் பேச்சின்போதும் மணவிழாவிலும் ஜப்பானியர் தேநீர் தருவதைத் தவிர்ப்பர். 'தேநீரைக் கலக்குதல்' என்றால் உண்மையை மழுப்புதல் என்று அவர்கள் மொழியில் பொருள். ஆகவே ஒரு கிண்ண வெந்நீரில் உப்பிட்ட செர்ரி மலர் ஒன்றை இடுவார்கள். சுருங்கிக் கிடந்த மலர் நீரினுள் மெல்ல விரிந்து, மீண்டும் ஒரு முறை பூக்கும். அந்தக் கிண்ணத்தைக் கையில் ஏந்திய எவரும் சற்று நேரம் பேசமாட்டார்.

இம்மலர் ஒரு வெளிநாட்டுப் பண்டத்தின் நெற்றியிலும் ஏறியது. ரொட்டியை ஜப்பானியர் 'பான்' என்பர்; இலங்கைத் தமிழர் 'பாண்' என்பர். இரண்டும் போர்ச்சுக்கீசியர் விட்டுச் சென்ற ஒரே சொல்லே. டோக்கியோவில் கிமுராயா என்னும் கடையார், அரிசிக்கள்ளின் நுரைமத்தால் புளிக்கவைத்த மாவில் சிவப்புப் பயற்றுப் பூரணத்தை அடைத்து ரொட்டி சுட்டனர். அதன் நடுவே குழி செய்து, யோஷினோ மலையின் உப்பிட்ட செர்ரி மலரைப் பதித்து, 1875ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் மெய்ஜி மன்னருக்குப் படைத்தனர். புதியதைக் கண்டு அஞ்சாமலும், பழையதைக் கைவிடாமலும் செய்த பண்டம் அது.

அந்த யோஷினோ, நாரா மாநிலத்தில் உள்ள மலை. செர்ரியை அங்கே தெய்வ மரமாகப் போற்றி, அடியார்கள் கன்று நட்டு வளர்த்ததால் மலை முழுதும் மலர்க்காடாயிற்று. அவ்வூரில் விளையும் குசுக் கொடியின் கிழங்கை இடித்து, குளிர்ந்த நீரில் பல முறை கழுவி எடுக்கும் வெண்மாவு, நம் வீடுகளில் குழந்தைக்குக் காய்ச்சும் கூகைக்கிழங்கு மாவைப் போன்றது. அதனோடு சர்க்கரை சேர்த்துச் செர்ரி இதழ் வடிவில் அச்சிட்டு உலர்த்துவார்கள். நாவில் வைத்த உடனே கரையும். ஷிக்கோக்குத் தீவில் வசன்போன் என்னும் மென்சர்க்கரையையும் இவ்வாறே அச்சிடுகின்றனர். இவ்வச்சுகளைச் செதுக்க உகந்த மரம் எது தெரியுமா? மலைச் செர்ரி மரமே! இதழின் உருவத்தை அம்மரத்தின் கட்டையே தருகிறது.

கியோத்தோவின் தேநீர்ச் சடங்கில் வைக்கும் இனிப்புகளோ பெயராலேயே பாதி இனிப்பவை. 'ஹனாயிக்கதா' என்று ஒன்று உண்டு. மலர்த்தெப்பம் என்பது பொருள். உதிர்ந்த இதழ்கள் ஆற்றுநீரில் கூட்டமாக மிதந்து செல்லும் காட்சியை வெண்பயற்று விழுதில் பிடித்து வைப்பார்கள். உதிர்தலும் அவர்களுக்கு ஓர் அழகு.

உதிர்தலை அழகென்று போற்றியதால் விளைந்த தீங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில், செர்ரி இதழ் உதிர்வது போல் உயிரை விடுக என்று இளைஞர்களுக்குக் கற்பித்தார்கள். ஆளோடு சென்று மோதி அழியும் ஒரு வெடிவிமானத்துக்கு 'ஓக்கா', அதாவது செர்ரி மலர், என்றே பெயரிட்டார்கள். 1940 முதல் சர்க்கரைக்குப் பங்கீடு வந்தது. இனிப்புக் கடைகள் ஒடுங்கின. 1945 மார்ச் 10ஆம் நாள் வான் தாக்குதலில் சுமிதா ஆற்றின் இருகரைகளிலும் பெரும்பகுதி எரிந்தது. அதன் பின்னரும் அக்கரையில் மரம் நட்டவர்களும், இலையை உப்பிட்டவர்களும் இருந்தனர். மலரைச் சாவுக்கு அடையாளமாக்கியவர்கள் போய்விட்டார்கள். குழந்தையின் கையில் இனிப்பாக வைத்தவர்கள் நிலைத்தார்கள்.

ஆனால் இன்று அவர்களுக்கும் ஒரு கவலை உண்டு. மட்சுசாக்கியில் இலை கொய்வோரும் ஹதானோவில் ஏணி ஏறுவோரும் முதுமை எய்திவிட்டனர். இளைஞர் நகரங்களுக்குப் போய்விட்டனர். சீனாவிலிருந்து வரும் உப்பிலையும் கடைகளில் புழங்குகிறது. அச்சுச் செதுக்கும் கைவினைஞர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. கடைவீதியில் இனிப்புக்குக் குறைவில்லை, வாங்குவோர்க்கும் குறைவில்லை. கோடை வெயிலில் குனிந்து ஐம்பது இலையை எண்ணி அடுக்கும் கைதான் குறைகிறது. இளவேனிலில் உண்பவர் பலர். அதற்கு முந்தைய கோடையில் உழைப்பவர் சிலர். அச்சிலரும் இல்லையேல் மரம் பூத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் மணம் இராது.

பெரியோர்களே! இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்துச் சென்றேன். நம் சங்கத்தின் ஆண்டு விழா ஒரு நாள் மலர். மேடையும் தோரணமும் குழந்தைகளின் ஆடலும் பாடலும் நாளைக் காலையில் உதிர்ந்துவிடும். இவ்விழா இன்று மணக்கிறதென்றால், அதற்குக் காரணம் இன்றைய நாளன்று. ஞாயிறுதோறும் யாரோ ஒரு தாயார் தம் கூடத்தில் பாய் விரித்து, நான்கு குழந்தைகளுக்கு 'அ' எழுதக் கற்பித்தாரே, அது சென்ற ஆண்டின் இலை. ஊரிலிருந்து சுமந்து வந்த நூல்களை அடுக்கி, அட்டை கிழிந்தால் ஒட்டி, இரவல் ஏட்டில் பெயர் எழுதிக் காத்தாரே ஒரு முதியவர், அது சென்ற ஆண்டின் இலை.

ஊரை விட்டுப் பிரிந்து வந்தோம் என்று நாம் வருந்துவதுண்டு. ஊரில் இருந்தவரை நம்மில் எத்தனை பேர் தமிழைப் பற்றி எண்ணினோம்? மரத்தில் இருக்கும் இலைக்குத் தன் மணம் தெரிவதில்லை. பிரிந்து, உவர்ப்பில் ஊறிய பின்னரே அது வெளிப்படுகிறது. தஞ்சைக்காரர் சமையல் சரியா, நெல்லைக்காரர் சமையல் சரியா என்று நம் வீடுகளில் நடக்கும் வழக்கு நடந்துகொண்டே இருக்கட்டும்; அதற்குத் தீர்ப்பு வேண்டாம். சுற்றியிருக்கும் இலை ஒன்றே என்பதை மட்டும் மறவாதிருப்போம்.

இவ்விழா முடிந்ததும் நாற்காலிகளை மடிக்கவும் பந்தலைப் பெருக்கவும் சிலர் பின்தங்குவார்கள். அவர்களைப் பார்க்கும்போது சோமெய்ஜி வாயிலில் துடைப்பத்தோடு நின்ற அந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்குரிய இலையை இன்றிரவே சேர்க்கத் தொடங்க வேண்டும். அதற்கு முன்வரும் இளைஞர் எவரோ, அவருக்கு என் வணக்கத்தை இப்பொழுதே செலுத்தி, விருந்துக்கு மேலும் காலம் தாழ்த்தாமல், அமர்கின்றேன்.